ரசீதில் 640 ரூபாய்: பழைய வீடா, புது வீடா?

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகத் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்குச் சென்னையில் வேலை. அப்பா அம்மா வந்து இருக்க ஊர்ப் பக்கம் ஒரு வீடு வேண்டும். பார்த்ததில் இரண்டு மனதுக்குப் பிடித்திருக்கிறது. ஒன்று, காரைக்குடியை ஒட்டிச் சங்கராபுரம் பக்கம் ஒரு லேஅவுட்டில் பில்டர் கட்டி முடித்து வைத்திருக்கும் தனி வீடு. 1,150 சதுர அடி, 58 லட்சம். இன்னொன்று பள்ளத்தூர் பேரூராட்சியில் பழைய வீடு. நடுவே முற்றம் வைத்த வளவு, அதற்கு அடுத்த பகுதியாக இரண்டாம் கட்டு, பின்னால் கிணறு, நாலு பங்காளிகள் சேர்ந்து விற்கிறார்கள், 52 லட்சம். பழைய வீட்டு வரி ரசீதில் அரையாண்டுக்கு 640 ரூபாய். புது வீட்டுக்கு 2,400 வரும் என்று பில்டர் சொல்லியிருக்கிறார். "வரி கால்வாசிதான் வருது, பழையதையே முடிச்சிடலாமா அண்ணே?" என்கிறீர்கள்.

26 வருடமாகப் பத்திரம் எழுதுகிறேன். வீட்டு வரி ரசீதைப் பார்த்து வீடு வாங்கியவர்களையும் பார்த்திருக்கிறேன், அப்புறம் என்னிடம் வந்து தலையில் கை வைத்து உட்கார்ந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். உங்களுக்கு ஒரே விஷயத்தைத்தான் சொல்ல வேண்டும். 640 நீங்கள் கட்டப்போகிற வரி இல்லை. 2,400-ம் இல்லை. முதலாவது விற்கிறவர்களுடைய பழைய கணக்கு. இரண்டாவது இன்னும் யாரும் போடாத கணக்கு. இரண்டையும் நீங்களே போட்டுப் பார்க்க வேண்டும்.

பழைய வீட்டிலிருந்து தொடங்குவோம். நீங்கள் அனுப்பிய ரசீதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அது 2023-24ஆம் வருடத்து ரசீது. அதற்குப் பிறகு கட்டியதற்கு ரசீது எங்கே? இருக்கலாம், கொடுக்க மறந்திருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். நாலு பங்காளிகள் உள்ள வீட்டில் "அவன் கட்டுவான்னு இவன், இவன் கட்டுவான்னு அவன்" என்பது நம் பக்கத்தில் புதிதா என்ன? கட்டாமல் விட்ட அரையாண்டுக்கு மாதம் 1 சதவீதம் வட்டி ஏறும். அதைவிட முக்கியம், சொத்து வரி பாக்கி ஆளைத் தொடராது, சொத்தைத் தொடரும். கிரயம் முடிந்த பிறகு பேரூராட்சி நோட்டீஸ் கொடுப்பது அந்த வீட்டுக் கதவுக்குத்தான். கதவு அப்போது உங்களுடையது. வில்லங்கச் சான்றில் இது வராது. பதிவான பத்திரங்கள் மட்டும்தான் அதில் வரும், வரி பாக்கி பதிவு அலுவலகத்தில் பதிவாவதில்லை. நடப்பு அரையாண்டு வரைக்கும் கட்டிய ரசீதை வாங்கிக்கொண்டுதான் முன்பணத்துக்கு மேல் ஒரு ரூபாய் கொடுக்க வேண்டும்.

சரி, பாக்கி இல்லை என்றே வைத்துக்கொள்வோம். அந்த 640 எப்படி வந்தது? ரசீதில் கட்டடப் பரப்பு 1,150 சதுர அடி என்று இருக்கிறது. வீட்டை விற்கிறவர்களோ 1,900 சதுர அடி என்கிறார்கள். இரண்டில் ஒன்றுதான் உண்மையாக இருக்க முடியும், இல்லையா? இந்தப் பக்கத்துப் பழைய வீடுகளில் இது சர்வ சாதாரணம். என்றைக்கோ முகப்பையும் முதல் கட்டையும் அளந்து எழுதியிருப்பார்கள். இரண்டாம் கட்டு அப்போது அடுப்படி, சாமான் போடுகிற இடம் என்று விட்டுப்போயிருக்கும். பிறகு குளியலறை கட்டியது, மேலே ஒரு அறை எடுத்தது, எதுவும் ஏறியிருக்காது.

2022 ஏப்ரலில் தமிழ்நாடு முழுக்கச் சொத்து வரியை உயர்த்தினார்கள், நினைவிருக்கும். பேரூராட்சிகளில் குடியிருப்புக் கட்டடத்துக்கு 600 சதுர அடி வரை 25 சதவீதம், 601 முதல் 1,200 வரை 50, 1,201 முதல் 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம். உங்கள் பள்ளத்தூர் வீடு ஏட்டில் 1,150 என்று இருந்ததால் 50 சதவீதத்தோடு தப்பித்துவிட்டது. அதாவது முன்பு 427 ரூபாய் சொச்சம். அரைவாசி கூட்டி 640. நீங்கள் வாங்கிப் பெயர் மாற்றத்துக்கு மனுக் கொடுக்கும்போது அளவு எடுக்க வருவார்கள். வந்து 1,900 என்று எழுதினால் இதே விகிதத்தில் பழைய வரியே 705 ஆகும். அது 1,800-ஐத் தாண்டிய வீடு என்பதால் இரட்டிப்பு, 1,410 ரூபாய் அளவில் வந்து நிற்கும். இதற்குமேல் 2024 அக்டோபரிலிருந்து வருடா வருடம் 6 சதவீதம் கூட்டும் ஏற்பாடும் இருக்கிறது. விடுபட்ட பரப்புக்குப் பின்தேதியிட்டுக் கேட்கவும் வாய்ப்புண்டு. அதனால் 640 என்பதை மறந்துவிடுங்கள்.

ஆனால் 1,410-ஐயும் அப்படியே ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை. நம்ம ஊர் வீட்டுக்கு மட்டும் உள்ள சூட்சுமம் ஒன்று இருக்கிறது. அந்த 1,900-இல் வானம் தெரியும் முற்றமும் சேர்ந்திருக்கிறது என்று நினைக்கிறேன். நீங்கள் அனுப்பிய படத்தில் வளவு நடுவே பத்துக்குப் பன்னிரண்டு அடி திறந்தவெளி தெரிகிறது, 120 சதுர அடி. கூரை இல்லாத இடம் கட்டடப் பரப்பு ஆகாது. அதைக் கழித்தால் 1,780. இப்போது நீங்கள் 1,800-க்குக் கீழே வந்துவிட்டீர்கள், 75 சதவீத வரிசை. வரி 1,157 ரூபாய்க்குப் பக்கத்தில் வரும். அளக்க வருகிறவர் வெளிச்சுவரிலிருந்து வெளிச்சுவருக்கு டேப்பைப் பிடித்து நீளம் பெருக்கல் அகலம் என்று எழுதிக்கொண்டு போய்விடுவார். மழையும் வெயிலும் விழும் இடத்தைத் தனியாக அளந்து கழிக்கச் சொல்லி நீங்கள் கூடவே நிற்க வேண்டும். முற்றத்துக்கு மேலே தகரமோ கண்ணாடித் தகடோ போட்டு மூடியிருந்தால் இந்த வாதம் நிற்காது. பலர் குரங்குத் தொல்லைக்காக மூடிவிடுகிறார்கள்.

இன்னொன்றும் பார்க்க வேண்டும். என் அக்கா 2014-இல் இதே மாதிரி ஒரு பழைய வீடு வாங்கினாள். ரசீது சுத்தமாக இருந்தது, பாக்கி இல்லை, நானேதான் பத்திரம் எழுதினேன். ஆறு மாதம் கழித்துப் பின்கட்டுக்கு என்று தனி வரிவிதிப்பு எண்ணில் ஒரு கேட்பு வந்தது. பாட்டனார் காலத்தில் பின்தெருப் பக்கம் ஒரு கதவு வைத்து அதை வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். அப்போது அதற்குத் தனிக் கதவு எண், தனி வரி. பதினோரு வருடப் பாக்கி. விற்றவர்கள் அந்த எண்ணைப் பற்றித் தெரியவே தெரியாது என்றார்கள், அது உண்மையாகவும் இருக்கலாம். அக்கா இன்னும் அதைச் சொல்லிக் காட்டுவாள். அன்றிலிருந்து நான் செய்கிற முதல் வேலை, வீட்டைச் சுற்றி வந்து மின் மீட்டரை எண்ணுவது. இரண்டு மீட்டர், இரண்டு தெருவுக்கு இரண்டு வாசல், இரண்டு குடிநீர் இணைப்பு இருந்தால் இரண்டு வரிவிதிப்பு எண் இருக்கிறதா என்று அலுவலகத்தில் கேட்டுவிடுவேன்.

இப்போது புது வீடு. சங்கராபுரம் நேற்று வரைக்கும் ஊராட்சி. காரைக்குடி நகராட்சியை 2024 ஆகஸ்டில் மாநகராட்சி ஆக்கியபோது கோட்டையூர், கண்டனூர் பேரூராட்சிகளோடு சங்கராபுரம் உள்ளிட்ட சில ஊராட்சிகளையும் சேர்த்தார்கள். பக்கத்து மனைக்காரர் காட்டும் பழைய ஊராட்சி வீட்டு வரி ரசீது இனி எதற்கும் உதவாது. பில்டர் சொல்லும் 2,400-ம் எங்கேயோ காதில் விழுந்த எண்தான். வீட்டுக்கு இன்னும் வரிவிதிப்பே ஆகியிருக்காது. மனைக்குக் காலிமனை வரி ஓடிக்கொண்டிருக்கும், அதுவும் பில்டர் பெயரிலோ பழைய நிலக்காரர் பெயரிலோ. காலிமனை வரி ரசீது, வரைபட அனுமதி, இரண்டையும் கேளுங்கள். அனுமதித்த வரைபடத்தில் உள்ள பரப்புக்கும் கட்டியிருக்கிற பரப்புக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று பாருங்கள், வரி போடுவது கட்டியிருக்கிற பரப்புக்குத்தான். பிறகு மாநகராட்சி அலுவலகத்தில் அந்தத் தெரு எந்த மண்டலத்தில் வருகிறது, சதுர அடிக்கு என்ன மதிப்பு என்று கேட்டால் ஐந்து நிமிடத்தில் கணக்குப் போட்டுவிடலாம். புது வீட்டில் நல்லது ஒன்று உண்டு: வரி அதிகமாக இருக்கலாம், ஆனால் உங்கள் பெயரில், உங்கள் அளவில், முதல் நாளிலிருந்து தொடங்கும். பாட்டன் காலத்துப் பூதம் எதுவும் கிளம்பாது.

பில்டர் சொன்ன 2,400-ஐயே உண்மை என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய வீடு 1,157. வித்தியாசம் அரையாண்டுக்கு 1,243, வருடத்துக்கு 2,486 ரூபாய். காரைக்குடியிலிருந்து நீங்கள் குடும்பத்தோடு ஒரு தடவை சென்னைக்கு ரயிலில் போய்வரும் செலவு. பழைய வீட்டில் ஒரு மழைக்காலத்துக்கு முன்னால் ஓடு மாற்ற ஆள் விட்டுப் பாருங்கள், பல வருட வித்தியாசம் ஒரு வாரத்தில் போய்விடும். இதற்காகவா ஒரு வீட்டை எடுப்பதும் விடுவதும்?

உங்கள் பணம் உண்மையில் போவது வருடாந்திர வரியில் இல்லை, வாங்குகிற அன்றைக்குக் கட்டும் வரியில். இதைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூடக் கேட்கவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். இப்போது கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், மொத்தம் 9. 2023 ஏப்ரலுக்கு முன் பதிவுக் கட்டணம் 4 ஆக இருந்தது. அதைப் பாதியாக்கி, கூடவே அரசு இடத்துக்கு வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பை 2017-க்கு முந்தைய அளவுக்குத் திரும்பக் கொண்டுபோனார்கள். இந்தக் கையில் கொடுத்ததை அந்தக் கையில் வாங்கிக்கொண்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 52 லட்சத்துக்கு 9 சதவீதம் 4,68,000; 58 லட்சத்துக்கு 5,22,000. இதில் ஒரே ஒரு சதவீதம் கூடினாலும் குறைந்தாலும் 52,000 ரூபாய். மேலே சொன்ன வரி வித்தியாசத்தில் இருபது வருடக் கணக்கு. பெண்கள் பெயரில் வாங்கினால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் சலுகை என்று 2025 ஏப்ரலிலிருந்து வந்ததே என்று அம்மா பெயரைச் சொல்லாதீர்கள். அது 10 லட்சம் வரை மதிப்புள்ள சொத்துக்குத்தான்.

பழைய வீட்டுக்குப் பத்திரம் போடும்போது மனைக்கு வழிகாட்டி மதிப்பு, கட்டடத்துக்குப் பொதுப்பணித் துறை விகிதத்தில் தனி மதிப்பு, வயதுக்குத் தேய்மானம். பர்மா தேக்குத் தூணும் ஆத்தங்குடிக் கல்லும் இருக்கிற வீட்டை "பழைய ஓட்டு வீடு" என்று ஒரே வரியில் எழுதச் சொல்லிச் சிலர் வற்புறுத்துவார்கள். கட்டடத்தைப் பார்வையிட வந்து மதிப்பைக் கூட்டினால் வித்தியாசத்தை நீங்கள்தான் கட்ட வேண்டும். உள்ளதை உள்ளபடி எழுதுவதே நல்லது. நானும் அப்படித்தான் எழுதுவேன்.

புது வீட்டில் இன்னொரு வரி உண்டு, ஜிஎஸ்டி. கட்டி முடிப்பதற்கு முன்னால் பில்டருக்குப் பணம் கட்டி வாங்கினால் 5 சதவீதம். 45 லட்சத்துக்குள்ளும் தரைப்பரப்பு 90 சதுர மீட்டருக்குள்ளும், அதாவது சுமார் 968 சதுர அடிக்குள், இருந்தால் 1 சதவீதம். முழுக்க முடிந்து கட்டட முடிவுச் சான்று வாங்கிய பிறகு விற்றால் ஜிஎஸ்டி கிடையாது. மறுவிற்பனை வீட்டுக்கும் கிடையாது. உங்கள் பில்டர் "வீடு முடிஞ்சிருச்சு, ஜிஎஸ்டி தனி" என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். முடிந்திருந்தால் ஜிஎஸ்டி எதற்கு? முடியவில்லை என்றால் முடிந்தது என்று ஏன் சொல்கிறார்? 58 லட்சத்துக்கு 5 சதவீதம் 2,90,000 ரூபாய், கேட்டுவிடுங்கள். மனையை மட்டும் கிரயம் வாங்கி நீங்களே கொத்தனாரை வைத்துக் கட்டுவது மூன்றாவது வழி. அப்போது 9 சதவீதம் மனைக்கு மட்டும்தான்; கூலி மட்டும் பேசிக் கட்டினால் தனி வீட்டின் கூலிக்கு ஜிஎஸ்டி இல்லை, பொருளோடு சேர்த்து ஒப்பந்தம் போட்டால் 18 சதவீதம். சென்னையில் இருந்துகொண்டு கட்டடம் கட்டுவது உங்களுக்கு ஆகாது என்பதால் அதை நீட்டவில்லை.

அடுக்குமாடி பார்க்கிறவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. 2023 டிசம்பரிலிருந்து புது ஃபிளாட்டின் முதல் விற்பனைக்கு மனைப் பங்கையும் கட்டடத்தையும் சேர்த்தே மதிப்பிடும் கூட்டு மதிப்பு முறை; 50 லட்சம் வரை மொத்தம் 6 சதவீதம், 3 கோடி வரை 7. அதே ஃபிளாட்டை இரண்டாம் கையில் வாங்கினால் 9. தனி வீட்டுக்கு இந்தச் சலுகை இல்லை.

இனிப் பங்காளிகள். உங்கள் விஷயத்தில் மிகப் பெரிய வரி ஆபத்து இங்கேதான் இருக்கிறது. நாலு பேரில் ஒருவர் மலேசியாவில் இருக்கிறார் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். வட்டிக்கடைக் காலத்திலிருந்தே நம் பக்கத்து வீடுகளில் ஒரு பங்கு கடல் தாண்டித்தான் இருக்கும், அதில் தப்பில்லை. ஆனால் வாங்குகிறவருக்கு அது தனிக் கணக்கு. 50 லட்சமும் அதற்கு மேலும் உள்ள கிரயத்தில் உள்நாட்டில் இருப்பவருக்குக் கொடுக்கும் தொகையில் 1 சதவீதம் பிடித்து வருமான வரித் துறைக்குக் கட்ட வேண்டும். பங்கு நாலாகப் பிரிந்து ஒவ்வொருவருக்கும் 13 லட்சம்தான் என்று சொல்லித் தப்ப முடியாது. 2024 அக்டோபரிலிருந்து மொத்தத் தொகையைத்தான் பார்க்கிறார்கள். வெளிநாட்டில் வசிப்பவருக்கோ 50 லட்ச வரம்பே கிடையாது, விகிதமும் வேறு. பரம்பரைச் சொத்து, நீண்டகால மூலதன ஆதாயம், 12.5 சதவீதம், அதன்மேல் 4 சதவீதம் செஸ். அவர் பங்குத் தொகை முழுவதுக்கும் பிடித்தால் 13 லட்சத்துக்கு 1,62,500, செஸ்ஸோடு 1,69,000 ரூபாய். அவர் உண்மையான ஆதாயத்தைக் கணக்குக் காட்டி, வீட்டின் 2001 ஏப்ரல் 1ஆம் தேதி மதிப்பை அடக்கமாக வைத்து, குறைத்துப் பிடிக்கும்படி வருமான வரித் துறையிடம் சான்று வாங்கி வந்தால் அந்த அளவுக்குப் பிடிக்கலாம். சான்று இல்லாமல் "அண்ணன் பங்கையும் என் கணக்கிலேயே போட்டுருங்க" என்று ஒருவர் சொன்னால் தலையாட்டாதீர்கள். பிடிக்காமல் விட்டால் வட்டியோடு உங்களிடம்தான் வசூலிப்பார்கள். பிடித்தது உங்கள் கைப்பணம் இல்லை, விலையில் இருந்துதான். பிடிக்க மறந்தால்தான் உங்கள் கைப்பணம்.

கூடப்பிறந்தவர்கள் என்றால் விற்பதற்கு முன்னால் அவர்களுக்குள்ளேயே பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் போட்டு ஒருவர் பெயருக்குக் கொண்டுவரச் சொல்லிப் பார்க்கலாம். குடும்பத்துக்குள் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000. பதிவுக் கட்டணம் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000. எட்டிய பங்காளிகளுக்கு இது பொருந்தாது. இதனால் மலேசியாக்காரருடைய வரி மறைந்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம்; பணம் கைமாறினால் கணக்கும் உண்டு. ஆனால் உங்களுக்கு ஒரு கையெழுத்து, ஒரு ரசீது, ஒரு பட்டா. பெயர் மாற்றத்துக்கு அலையும்போது அதன் அருமை தெரியும்.

பின்னால் ஷூட்டிங்குக்கோ ஹோம்ஸ்டேவுக்கோ விடலாம் என்ற யோசனை உங்கள் தம்பிக்கு இருக்கிறதாமே. குடியிருப்பு என்று இருக்கிற வரியை வணிகப் பயன்பாடு என்று மாற்றிவிடுவார்கள், மேலே போட்ட கணக்கெல்லாம் அப்போது செல்லாது. சாதாரணமாகக் குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டால் அந்த வருடம் நீங்கள் கட்டிய சொத்து வரியை வாடகையிலிருந்து கழித்து, மீதியில் 30 சதவீதமும் கழித்துத்தான் வருமான வரி. அப்பா அம்மா குடியிருந்தால் இந்தப் பேச்சே இல்லை.

என் கணக்கில், வரியை மட்டும் பார்த்தால் இரண்டு வீடும் கிட்டத்தட்ட ஒன்றுதான். பழைய வீடு பிடித்திருந்தால், அம்மா அந்த வளவுக்காகத்தான் ஆசைப்படுகிறார் என்றால், அதை எடுங்கள்; ஆனால் 640 ரூபாய் ரசீதுக்காக ஒரு பைசா கூடுதலாகக் கொடுக்காதீர்கள். பங்காளிகள் நாலு பேரும் ஒரே நாளில் உட்கார மாட்டோம், பத்திரத்தில் தொகையைக் குறைத்துப் போடலாம், பின்கட்டு ரசீதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றெல்லாம் பேச்சு வந்தால் சங்கராபுரத்துக்குப் போய்விடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை பள்ளத்தூர் போகும்போது ஐம்பது அடி டேப் ஒன்று எடுத்துப் போங்கள். முற்றத்தைத் தனியாக அளங்கள், மீட்டரை எண்ணுங்கள், பின்தெருக் கதவில் பழைய எண் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். மூன்றையும் எனக்கு எழுதி அனுப்புங்கள். முன்பணத்தைப் பற்றி அதற்குப் பிறகு பேசுவோம்.